லேபிளில் அச்சான எண்ணும் அழுத்திய எண்ணும்

டோக்கியோவில் வேலை பார்த்த ஆண்டுகளில், நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் கைக்கருவிகளுக்கான பழைய விளையாட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் எனக்குத் தொற்றிக்கொண்டது. கார்ட்ரிட்ஜ் என்பது முறையான பெயர் என்றாலும், தொண்ணூறுகளில் நம் ஊரில் வீடியோ கேம் ஆடி வளர்ந்த எங்களுக்கு அது என்றைக்கும் கேசட்தான். டோக்கியோவின் மின்னணுக் கடைவீதியான அகிஹபாராவிலும் அதைக் ‘கசெட்டோ’ என்றே சொல்லக் கேட்டபோது, மொழி புரியாத ஊரில் ஒரு சொல்லாவது வீட்டுச் சொல்லாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். ஆகவே இங்கும் கேசட் என்றே எழுதுகிறேன்.

ஜப்பானிய மொழியில் கதை நீளும் விளையாட்டுகளை என்னால் படித்து ஆட முடியவில்லை. கேம் பாய் அட்வான்ஸ் எந்த நாட்டுக் கேசட்டையும் ஏற்கும் கருவி என்பதால், அதில் ஓடும் போக்கிமான் ரூபி என்ற விளையாட்டின் அமெரிக்கப் பதிப்பை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையம் வழியாக வாங்கினேன். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது, மற்றபடி நன்றாக இயங்குகிறது என்று அவர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். லேபிளின் ஓரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நான் சரிபார்த்தேன். ஏஜிபி-ஏஎக்ஸ்விஈ-யுஎஸ்ஏ என்று அது அச்சுப்பிசகாமல் இருந்தது. அந்த எண் சரியாக இருந்தால் கேசட்டும் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு நம்பினேன்.

கேசட் வந்தது, விளையாட்டும் ஓடியது. பேட்டரி வறண்டுவிட்டது, ஆனாலும் விளையாடலாம், கடிகாரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் மட்டும் இனி நடவா என்ற அறிவிப்பு, விற்பனையாளர் சொன்னபடியே திரையில் தோன்றியது. ரூபியில் இருப்பது சிஆர்1616 என்னும் சிறிய பொத்தான் பேட்டரி. அதை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, நின்டெண்டோ பயன்படுத்தும் மூன்று இதழ்த் திருகைக் கழற்றுவதற்கான தனித் திருப்புளியைத் தேடி வாங்கினேன். அந்தத் திருப்புளி என் கேசட்டின் திருகில் உட்காரவே இல்லை. உற்றுப் பார்த்தால், அது கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணக் கூட்டல்குறித் திருகு. வீட்டுத் திருப்புளியால் திறந்தேன். உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கவில்லை. பேட்டரி என்று ஒன்று இருக்கவே இல்லை. கரும்பிசின் சொட்டுக்கு அடியில் ஒரு சிப், பக்கத்தில் இன்னொரு சிப், அவ்வளவுதான். கடிகாரம் இல்லாத போலிப் போர்டில் ரூபி விளையாட்டு ஓடும்போது, கடிகாரத்தைத் தேடிக் காணாமல் பேட்டரி வறண்டுவிட்டதாக முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கும். போலியின் குறையையே பழமையின் அடையாளமாக எனக்கு விற்றிருந்தார்கள்.

சேகரிப்பாளர்கள் நாங்கள் ‘சீரியல் நம்பர்’ என்று பேச்சுவாக்கில் சொல்லும் அந்த எண், உண்மையில் வரிசை எண்ணே ஆகாது என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வரிசை எண் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஏஜிபி-ஏஎக்ஸ்விஈ-யுஎஸ்ஏ என்பதோ அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு ரூபியின் மேலும் உள்ள பொதுப்பெயர். அது எந்த விளையாட்டு, எந்தக் கருவிக்கு, எந்தச் சந்தைக்கு என்பதைச் சொல்லும். என் கையில் இருக்கும் இந்தக் கேசட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தால் அது சொல்வதும் கொஞ்சமல்ல.

முதல் மூன்று எழுத்துகள் கருவியின் பெயர். ரூபியின் ஏஜிபி என்பது கேம் பாய் அட்வான்ஸ். நின்டெண்டோ ஒவ்வொரு கருவிக்கும் கடைப்பெயர் ஒன்றும் உள்பெயர் ஒன்றும் வைத்திருக்கிறது. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் எச்விசி, அதாவது வீட்டு வீடியோ கணினி. 1989-இல் வந்த கேம் பாய் டிஎம்ஜி, புள்ளித்திரை விளையாட்டு. நின்டெண்டோ 64-க்கு என்யுஎஸ். அல்ட்ரா சிக்ஸ்டி ஃபோர் என்று முதலில் அறிவித்த பெயர் அதற்குள் இன்னும் இருக்கிறது. கேம்கியூபின் டிஓஎல் டால்ஃபினிலிருந்தும், வீயின் ஆர்விஎல் ரெவல்யூஷனிலிருந்தும், டிஎஸ்ஸின் என்டிஆர் நைட்ரோவிலிருந்தும் வந்தவை. கடைக்கு வரும்போது கருவியின் பெயர் மாறிவிட்டாலும் குறியீட்டில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஏறிவிட்டதைப் போல.

இந்த முன்னெழுத்துகள் வாங்கும்போது நேரடியாகவே உதவும். போக்கிமான் கோல்டும் சில்வரும் வண்ணத்தில் ஓடினாலும் அவற்றின் குறியீடு டிஎம்ஜி என்றே தொடங்கும், ஏனெனில் அவை பழைய சாம்பல்நிறக் கேம் பாயிலும் ஓடும். அடுத்து வந்த கிரிஸ்டலின் குறியீடு சிஜிபி என்று தொடங்கும். அது கேம் பாய் கலரிலும் அதற்குப் பின் வந்த அட்வான்ஸிலும் மட்டுமே ஓடும். கையில் பழைய கேம் பாய் மட்டும் வைத்திருப்பவர் சிஜிபி என்ற மூன்று எழுத்தைக் கண்டதும் பணப்பையை உள்ளே வைத்துவிடலாம்.

நடுவில் இருப்பது விளையாட்டின் குறியீடு. தொடக்க ஆண்டுகளில் இது மிக எளிமையாக இருந்தது. சூப்பர் மாரியோ லேண்டுக்கு எம், எல் என்ற இரண்டே எழுத்துகள். ஜப்பானியப் பதிப்பில் மட்டும் கடைசியில் ஓர் ஏ சேரும். அதனால் என் அலமாரியில் இருக்கும் ஜப்பானிய மாரியோவின் நெற்றியில் டிஎம்ஜி-எம்எல்ஏ என்று எழுதியிருக்கிறது. ஊரிலிருந்து வரும் நண்பர்களிடம் இதைக் காட்டி எங்கள் தொகுதி எம்எல்ஏ இவர்தான் என்று சொல்வது வழக்கம். விளையாட்டுகள் பெருகிய பின் குறியீடு நான்கு எழுத்தாக வளர்ந்து, கடைசி எழுத்து மொழியை அல்லது சந்தையைக் குறிக்கத் தொடங்கியது. ஏஎக்ஸ்விஈ என்பதில் ஏஎக்ஸ்வி ரூபியைக் குறிக்கும். ஈ அமெரிக்க ஆங்கிலத்தைக் குறிக்கும். அதே இடத்தில் ஜே வந்தால் ஜப்பான், டி வந்தால் ஜெர்மன், எஃப் வந்தால் பிரெஞ்சு, எஸ் வந்தால் ஸ்பானிஷ், ஐ வந்தால் இத்தாலியன். வாலில் வரும் யுஎஸ்ஏ, ஜேபிஎன், இயுஆர் போன்றவை எந்தச் சந்தைக்கு அச்சிட்டது என்பதைச் சொல்லும். ஐரோப்பாவின் பழைய கேசட்டுகளில் இவ்வால்கள் வெகு சுவையானவை: எஃப்ஏஎச் என்றால் பிரான்சும் ஹாலந்தும், எஸ்சிஎன் என்றால் ஸ்காண்டிநேவியா, எஃப்ஆர்ஜி என்றால் மேற்கு ஜெர்மனி இருந்த காலத்துச் சுருக்கம்.

அட்வான்ஸ் கேசட்டுகளில் இந்த நடுக் குறியீட்டின் முதல் எழுத்தைக் கவனிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பெரும்பாலும் அது ஏ அல்லது பி என்று சாதாரணமாக இருக்கும். யு என்று தொடங்கினால் அந்தக் கேசட்டுக்குள் சூரிய ஒளியை அளக்கும் உணரி இருக்கிறது என்று பொருள். கோனாமியின் 2003-ஆம் ஆண்டு வெளியீடான பொக்டாய் அப்படிப்பட்டது, வெயிலில் உட்கார்ந்து ஆட வேண்டிய விளையாட்டு. கே என்றால் சாய்வை அறியும் உணரி, வி என்றால் அதிர்வு, ஆர் என்றால் சுழற்சி உணரியும் அதிர்வும் சேர்ந்தது. எஃப் என்றால் பழைய ஃபேமிகாம் விளையாட்டுகளின் மறுவெளியீடு. இதைத் தெரிந்துகொண்டவர் போலியை எடைபோடுவது எளிது: குறியீடு யு என்று தொடங்கியும் மேல்முனையில் ஒளி நுழையும் சிறு கண்ணாடிச் சில் இல்லாவிட்டால், அந்த உடலுக்குள் அந்த விளையாட்டு இருந்தாலும் அது அந்தக் கேசட் அல்ல.

நின்டெண்டோ 64-இல் ஜெல்டா ஒக்கரினா ஆஃப் டைம் என்ற விளையாட்டின் குறியீடு என்யுஎஸ்-சிஇசட்எல்ஈ-யுஎஸ்ஏ. பெரும்பாலான கேசட்டுகளில் நடுக் குறியீடு ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்க, இதற்கு மட்டும் ஏன் சி என்று நெடுநாள் யோசித்தேன். 64டிடி என்ற வட்டுக் கருவி வந்ததும் அதனுடன் இணைத்து விரிவாக்கத்தக்க கேசட்டுகளுக்கு சி என்ற எழுத்தை ஒதுக்கியிருந்தார்கள். அந்த வட்டுக் கருவி 1999 டிசம்பரில் ஜப்பானில் மட்டும் வந்து விரைவில் மறைந்துவிட்டது. அமெரிக்கா அதைப் பார்க்கவே இல்லை. வராத விருந்தாளிக்குப் போட்ட இலை அந்த எழுத்து.

இனி, அச்சான எண்ணைவிட எனக்கு முக்கியமாகிவிட்ட எண்ணுக்கு வருகிறேன். அசல் கேம் பாய், அட்வான்ஸ் கேசட்டுகளின் லேபிளில், மையே இல்லாமல், காகிதத்தில் அழுத்தம் மட்டுமாக இரண்டு இலக்கங்கள் பதிந்திருக்கும். சிலவற்றில் இலக்கங்களுக்குப் பின் ஓர் எழுத்தும் இருக்கும். நேராகப் பார்த்தால் கண்ணில் படாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கேசட்டை மெல்லச் சாய்த்தால், நிழல் விழுந்து எண் எழும். தொழிற்சாலையில் பொருத்திய பிறகு இட்ட முத்திரை அது. லேபிளைக் கணினியில் நகலெடுத்து அச்சடிப்பவர்களுக்கு அது படத்தில் தெரிவதில்லை என்பதால், பெரும்பாலான போலிகளில் அது இருப்பதில்லை. என் பொய் ரூபியில் அது இல்லை. அதனாலேயே இப்போதெல்லாம் விற்பனையாளர்களிடம் நேர்ப்படம் கேட்பதை விட்டுவிட்டு, லேபிளின்மேல் விளக்கொளி சாய்வாக விழும்படி எடுத்த ஒரு படம், அடியிலுள்ள திறப்பை நேராக நோக்கி எடுத்த ஒரு படம் என இரண்டை மட்டும் கேட்கிறேன். அசல் அட்வான்ஸ் கேசட்டின் திறப்பில், தங்கநிற ஊசிகளுக்குச் சற்று மேலே, போர்டில் நின்டெண்டோ என்ற பெயர் சிறிதாக அச்சாகியிருப்பதைக் காணலாம். படம் கேட்டதும் சலித்துக்கொள்பவரிடம் நான் வாங்குவதில்லை. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை: நிறைய உழைத்த கேசட்டில் முத்திரை தேய்ந்து மங்கியிருக்கக்கூடும், ஆகவே அது இல்லாததை மட்டும் வைத்து ஒன்றைப் போலி என்று நான் தள்ளுவதில்லை.

ஜெல்டாவில் இந்த முத்திரைக்கு வேறொரு பயனும் உண்டு. அமெரிக்கக் கேசட்டின் பின்புற லேபிளில் இரண்டு இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது முதல் பதிப்பு, பின்னால் ஏ என்று இருந்தால் 1.1, பி என்று இருந்தால் 1.2. முதல் இரண்டு பதிப்புகளில் இறுதிப் போரில் வில்லன் கானன்டார்ஃபின் இரத்தம் சிவப்பு, 1.2-இல் அது பச்சை. நெருப்புக் கோயிலின் இசையும் அந்தப் பதிப்பில் மாறிவிட்டது. முன்புற லேபிளின் குறியீடு மூன்றுக்கும் ஒன்றே. தங்கநிறக் கேசட்தான் முதல் பதிப்பு என்று நினைத்து அதற்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். சாம்பல்நிறக் கேசட்டிலும் முதல் பதிப்பு உண்டு, தங்கநிறத்திலும் 1.1 உண்டு. நிறத்தைப் பார்த்து வாங்குபவர் நிறத்தையே வாங்குகிறார்.

கேசட்டைத் திறக்கத் துணிந்தவர்களுக்கு மூன்றாவது எண் ஒன்று காத்திருக்கிறது. கேம் பாய் கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்னும் முனை வேண்டும். அட்வான்ஸுக்கு நான் முன்பு சொன்ன மூன்று இதழ் முனை. உள்ளே உள்ள முதன்மைச் சிப்பின் முதுகில் குறியீடு மறுபடியும் வரும், இம்முறை நாட்டின் பெயர் இல்லாமல். போக்கிமான் கோல்டு அமெரிக்கக் கேசட்டில் டிஎம்ஜி-ஏஏயுஈ-0 என்று இருக்கும். கடைசி இலக்கம் திருத்தப் பதிப்பின் எண். 0 என்றால் முதலாவது. அதே சிப்பிலோ பக்கத்துச் சிப்புகளிலோ நான்கு இலக்க எண் ஒன்று தனித்துத் தெரிந்தால், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டையும் அடுத்த இரண்டு வாரத்தையும் குறிக்கும்: 0038 என்றால் 2000-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். ஒரே கேசட்டின் சிப்புகள் சில வாரமோ சில மாதமோ முன்பின்னாக இருப்பது இயல்பு. ஒன்று 1999 என்றும் இன்னொன்று 2006 என்றும் சொன்னால் யாரோ நடுவில் கை வைத்திருக்கிறார்கள். அதைவிட, விளையாட்டு சந்தைக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிந்தைய வாரம் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

நான்காவதாக, விளையாட்டின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும் எண். ஜிபிஎக்ஸ்கார்ட் என்ற சிறு கருவியில் கேசட்டைச் செருகிக் கணினியில் இணைத்தால் அதன் உள்ளடக்கத்தை அப்படியே படித்தெடுக்கலாம். அட்வான்ஸ் விளையாட்டுகளில், ஹெக்சாடெசிமல் என்னும் பதினாறடிமானக் கணக்கில் ஏ0 என்ற இடத்திலிருந்து 12 எழுத்துகள் பெயர், ஏசி-யிலிருந்து 4 எழுத்துகள் குறியீடு, பி0-வில் 2 எழுத்துகள் வெளியீட்டாளர், பிசி-யில் ஒரு பைட் பதிப்பு எண். வெளியீட்டாளர் 01 என்றால் நின்டெண்டோ, 08 என்றால் கேப்காம், ஏ4 என்றால் கோனாமி, 69 என்றால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். பழைய கேம் பாயில் இவை வேறு இடங்களில் இருக்கும்: 14ஏ என்ற இடத்தில் 0 இருந்தால் ஜப்பானுக்கானது, 1 இருந்தால் வெளிநாடுகளுக்கானது, பதிப்பு எண் 14சி-யில்.

என் பொய் ரூபியை ஆவலுடன் இப்படிப் படித்தேன். குறியீடு ஏஎக்ஸ்விஈ, வெளியீட்டாளர் 01, பதிப்பு 0. எல்லாம் சரி. சற்று நேரம் திகைத்துவிட்டு, பிறகு சிரித்துவிட்டேன். போலி செய்தவர் விளையாட்டைத் தாமாக எழுதவில்லை. அசலை நகலெடுத்தார், ஆகவே அதன் தலைப்புக் குறிப்பும் நகலாகத்தான் வரும். ஆனால் முழுக் கோப்பின் ஹேஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணை, கணக்கிட்டு, சரிபார்த்த படிகளின் மதிப்புகளைத் தொகுக்கும் நோ-இன்ட்ரோ பட்டியலோடு ஒப்பிட்டபோது பொருந்தவில்லை. அசல் ரூபி தன் பதிவுகளை, அதாவது ஆடியவர் சேமித்த ஆட்ட நிலையை, ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும். போலிப் போர்டில் அந்தச் சிப் இல்லாததால், பதிவு எழுதும் பகுதியை மட்டும் ஒட்டுப்போட்டு மாற்றியிருந்தார்கள். அட்டையில் அச்சான எண்ணும் உள்ளே எழுதிய எண்ணும் ஒருசேரச் சரியாக இருந்தும் பொருள் பொய்யாக இருக்க முடியும் என்பதை அந்த ஒரு மாலை எனக்குக் காட்டியது. முத்திரை, திருகு, போர்டு, சிப், ஹேஷ் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்றுதான் அன்றிலிருந்து பார்க்கிறேன்.

வட்டுகளில் என் அனுபவம் குறைவு. ஆனாலும் பிளேஸ்டேஷன் குறியீடுகளைப் படிக்க ஒரு வழி சொல்ல முடியும். எஸ்சி என்று தொடங்கினால் சோனியே வெளியிட்டது, எஸ்எல் என்று தொடங்கினால் சோனியின் உரிமம் பெற்ற பிறர் வெளியிட்டது. அடுத்த இரண்டு எழுத்துகளில் யுஎஸ் என்பது அமெரிக்கா, ஈஎஸ் என்பது ஐரோப்பா, பிஎஸ் என்பது ஜப்பான். ஃபைனல் ஃபேன்டஸி ஏழு ஜப்பானில் ஸ்கொயர் வெளியீடாக எஸ்எல்பிஎஸ்-00700. அமெரிக்காவில் 1997-இல் சோனியே வெளியிட்டதால் எஸ்சியுஎஸ்-94163. எட்டாம் பாகத்தில் வெளியீட்டாளர் மாறவே, அது எஸ்எல்யுஎஸ்-00892 ஆனது. ஒப்பந்தம் கைமாறிய கதை இரண்டு எழுத்தில் அடங்கிவிட்டது. வட்டைக் கணினியில் திறந்து சிஸ்டம்.சிஎன்எஃப் என்ற கோப்பைப் பார்த்தால் அதே எண் உள்ளேயும் கிடைக்கும்.

கருவிகளில் மட்டும் உண்மையான வரிசை எண் உண்டு, ஆனால் அங்கும் ஆளை ஏமாற்றுவது எந்த வகைக் கருவி என்பதைச் சொல்லும் மாடல் எண்தான். கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் ஏஜிஎஸ்-001 என்பது முன்னொளித் திரை, ஏஜிஎஸ்-101 என்பது பிரகாசமான பின்னொளித் திரை. 101-க்கு விலை மிக அதிகம். கழற்றி மாட்டும் உடற்கூடுகள் புதிதாகக் கிடைக்கும் காலத்தில் பின்புற ஸ்டிக்கர் எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு முறை நேரில் சந்தித்த விற்பனையாளர் 101 என்று காட்டிய கருவியில், திரைக்குக் கீழே உள்ள ஒளிப் பொத்தானை அழுத்தினேன்; விளக்கு முழுவதுமாக அணைந்தது. 101-இல் அந்தப் பொத்தான் ஒளியைக் கூட்டிக் குறைக்குமே தவிர அணைக்காது. போதாததற்கு, ஜப்பானில் விற்பனைக்கே வராத 101-ஐ ஜப்பானியப் பெட்டியில் வைத்திருந்தார். நன்றி சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

இப்போது என் கணக்கேட்டில் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு வரி உண்டு: லேபிள் குறியீடு, அழுத்திய முத்திரை, சிப்பின் எண், வாரம், உள்ளிருக்கும் பதிப்பு, பேட்டரி மாற்றிய நாள். அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புவதற்கு முன் ஒரு வார்த்தை. கோல்டு, சில்வர் போன்ற கேம் பாய் கேசட்டுகளில் சிஆர்2025 பேட்டரிதான் பதிவுகளையே காக்கிறது. அதைக் கழற்றிய நொடியில் யாரோ ஒரு சிறுவன் இருபது ஆண்டுகளுக்கு முன் வளர்த்த போக்கிமான்கள் எல்லாம் போய்விடும். ஆகவே கேசட் படிக்கும் கருவியால் பதிவை முதலில் நகலெடுத்துக்கொண்டே நான் பற்றவைப்பானைச் சூடாக்குகிறேன். ரூபியில் அந்தக் கவலை இல்லை. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே.

பிறகு அகிஹபாராவில் உண்மையான ரூபி ஒன்று, ஜப்பானியப் பதிப்பு, பெட்டியில்லாமல் சிறு பிளாஸ்டிக் உறையில் கிடைத்தது. கடை விளக்கில் சாய்த்துப் பார்த்தபோது லேபிளில் முத்திரை தெளிவாக எழுந்தது. வீட்டில் திறந்தபோது பேட்டரியும் இருந்தது, தீர்ந்துபோய். பொய் ரூபியும் ஏட்டில் தனக்கென ஒரு வரியோடு இருக்கிறது. லேபிள்: ஏஎக்ஸ்விஈ. முத்திரை: இல்லை. சிப்: பிசின் சொட்டு. பேட்டரி மாற்றிய நாள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.